வெண்ணெயைக் காப்பாற்றிய நால்வர்

“ரெண்டு பக்கத்துக்கு நீளாத மனிசனை ஆண்டவர் இன்னும் படைக்கேல்லை. தவறிப்போய் ஒருத்தனைப் படைச்சிட்டார் எண்டாலும் என்னட்டை அனுப்பச் சொல்லுங்கோ. நான் நீட்டித் தாறன்.”

இப்படிச் சொன்னவர் கொட்டாஞ்சேனை ஹியூபேட் சூசைதாசன். சொன்ன இடம் ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் நடந்த ஞானஸ்நான விருந்து. சொல்லும்போது அவருடைய ஒரு கையில் பாதி கடித்த கட்லட்டும் மறுகையில் ஒரு சோடாக் கிளாஸும் இருந்தன. சோடாவின் நிறம் சோடாவின் நிறமாக இருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் பங்குச் சுவாமியார் இருந்தார். ஆண்டவரின் படைப்பைப் பற்றி இப்படியொரு பிரகடனம் வெளியாகியும் அவர் மறுப்பு ஒன்றும் தெரிவிக்காமல் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். அதை ஹியூபேட் திருச்சபையின் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்.

நீட்டுவது என்று அவர் சொன்னது, வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கூட வைத்து அனுப்பும் சுயவிபரக்கோவையை. ஒழுங்கையில் அதற்குப் பெயர் பயோடேட்டா. அந்த ஒழுங்கையிலும் அதைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஒழுங்கைகளிலும் எழுபத்தேழாம் ஆண்டு தொடக்கம் வேலை தேடியவர்களில் பெரும்பாலானோர் ஹியூபேட்டின் தட்டச்சு யந்திரத்தின் வழியாகவே உலகத்துக்குள் நுழைந்தார்கள்.

ஹியூபேட்டின் தகப்பனார் துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற உத்தியோகம் பார்த்தவர். இருக்கிற மூட்டையை மட்டுமே எண்ணவேண்டும் என்ற கட்டுப்பாடு அவருக்கு இருந்தது. மகனுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. எஸ்.எஸ்.சி. படித்து, மாலை வகுப்பில் தட்டச்சுப் பழகி, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கொம்பனியில் தட்டச்சாளராகச் சேர்ந்தார். சில வருடங்களில் கிளாக் ஆனார். அதற்குப் பிறகு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததெல்லாம் மனைவி டோரினின் உறவினர் வீடுகளில்தான். மருதானையிலுள்ள மைத்துனர் வீட்டில் அவர் உதவி மனேச்சர். நீர்கொழும்பில், ஒரு கலியாணத்தின்போது, சில மணித்தியாலங்களுக்கு மனேச்சராகவும் இருந்திருக்கிறார்.

பயோடேட்டா விடயத்தில் அவருடைய கொள்கை தெளிவானது. பொய் எழுதக்கூடாது. உண்மை கதிரையில் குந்திக்கொண்டிருந்தால் அதை எழுப்பி, தலை வாரி இழுத்து, சப்பாத்துப் போட்டு, நேராக நிற்கவைக்கலாம். அது பாவமில்லை. அம்மாவின் இடியப்பக் கடையில் இரண்டு வருடம் சும்மா இருந்தவன் ‘குடும்பத்துக்குச் சொந்தமான உணவு உற்பத்தி நிலையத்தின் மேற்பார்வையாளர்’ ஆனான். கோயில் திருவிழாவில் கதிரை அடுக்கியவனுக்குப் ‘பெருந்திரளான மக்கள் கூடும் நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்த அனுபவம்’ கிடைத்தது. பஸ் கண்டக்டர் ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று கத்தும்போது முன்னுக்குப் போகத் தெரிந்தவனுக்குச் சிங்களம் சரளம். பொழுதுபோக்கு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: வாசிப்பும், ஏழைகளுக்கு உதவுதலும். கொட்டாஞ்சேனையில் இத்தனை பேர் உதவிக்கொண்டிருந்தும் ஏழைகள் ஏன் குறையவில்லை என்று எந்தக் கொம்பனியும் கேட்டு எழுதியதில்லை.

கடைசியில், விண்ணப்பதாரியை நன்கு அறிந்த, ஆனால் உறவினரல்லாத இருவரின் பெயரும் விலாசமும் போடவேண்டும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு இது பெரிய இடைஞ்சல். அந்த ஒழுங்கைகளுக்குள் உறவினரல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதென்றால் முச்சக்கரவண்டி பிடிக்கவேண்டும். ஹியூபேட் இதற்கு ஒரு வழி கண்டார். துறவறம் பூண்டவர் ஒருவருக்கும் உறவில்லை. ஆகவே எல்லாப் பயோடேட்டாவிலும் முதற்பெயர் பங்குச் சுவாமியார். இரண்டாவது பெயர் ஹியூபேட்.

“பொய் எல்லோ அண்ணே?” என்று யாராவது பெடியன் தயங்கினால் அவர் நோபேட்டைக் காட்டுவார். நோபேட் எழுபத்தெட்டில் கட்டார் நாட்டு ஹோட்டல் ஒன்றுக்கு ‘ஐரோப்பியச் சமையலில் கைதேர்ந்தவர்’ என்று போனவன். அதற்கு முன் அவன் அடுப்பில் வைத்த ஒரே பொருள் தேநீர்க் கேத்தல். அங்கே முதல் வருடம் உருளைக்கிழங்கு கழுவினான். ஆறாம் வருடம் திரும்பி வரும்போது உண்மையிலேயே கைதேர்ந்திருந்தான். ஹியூபேட் வீட்டுக்கு வந்து தன் கையாலேயே ஒரு புடிங் செய்து கொடுத்துவிட்டுப் போனான்.

“பாத்தியோ?” என்பார் ஹியூபேட். “நான் எழுதினது பொய்யில்லை. கொஞ்சம் முந்தி எழுதின உண்மை.”

ஒரே ஒரு காகிதத்தில் மட்டும் இந்தக் கலை செல்லுபடியாகவில்லை. அந்த யுத்த காலத்தில் கொழும்புத் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், என்ன தொழில், எப்போதிலிருந்து இந்த விலாசம், யாராவது வந்து தங்கினால் எதற்காக. ஒழுங்கை முழுவதற்கும் இதையும் ஹியூபேட்தான் நிரப்பிக் கொடுத்தார். அதில் அவர் ஒரு அடைமொழியும் போட்டதில்லை. உணவு உற்பத்தி நிலையத்தின் மேற்பார்வையாளர் அங்கே வெறும் ‘தொழில் இல்லை’. உதவி மனேச்சர் சூசைதாசன் அங்கே ‘கிளாக்’. வாசிப்பதும் ஏழைகளுக்கு உதவுவதும் கூட அங்கே இல்லை. ஏன் வீண் கேள்வி என்று விட்டிருப்பார்.

இனி வெண்ணெய்க்கு வருவோம்.

தொண்ணூற்றாறில் மழை இல்லாமல் நாடு முழுக்க மின்வெட்டு இருந்ததல்லவா, அந்த நாட்களில் ஒருநாள் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் குளிரூட்டிய கொள்கலன் ஒன்று வெண்ணெயுடன் நின்றது. கரண்ட் போனது. ஜெனரேட்டரும் வேலை செய்யவில்லை. உள்ளே வெண்ணெய் வியர்க்கத் தொடங்கியது. அன்றைக்கு அது எப்படியோ காப்பாற்றப்பட்டது. அந்தக் கதையை ஹியூபேட் சொல்லக் கேட்கவேண்டும். எந்த விருந்திலும் இரண்டாவது கிளாஸுக்கும் மூன்றாவது கிளாஸுக்கும் இடையில் அது வரும். பின்னேர வெயில், கதவிடுக்கால் ஒழுகும் மஞ்சள் நெய், ஜெனரேட்டர்காரனின் சட்டையைப் பிடித்து அவர் இழுத்து வந்தது, ‘தவ டிக்காய், மல்லி, தவ டிக்காய்’, இன்னும் கொஞ்சந்தான் தம்பி என்று, சிங்களத்தில் அவனை உற்சாகப்படுத்தியது, எல்லாம் வரும். கேட்பவர்களின் கை ரொட்டியைத் தேடும்.

தொண்ணூற்றெட்டில் அவருடைய கொம்பனியைப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கியது. வாங்கியவர்கள் மேசை, அலுமாரி எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக்கொண்டார்கள். ஆட்களை மட்டும் அப்படி எடுக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வேலைக்கே புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், பயோடேட்டா இணைக்கவேண்டும், சிலர் நிற்பார்கள், சிலர் போவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. ஹியூபேட்டுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் இன்னொரு கொம்பனி எடுக்காது என்பது அவருக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எத்தனை பயோடேட்டா அடித்துப் பலனில்லாமல் போனதென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? டோரின், பிள்ளைகள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்குச் சட்டை தைப்பவள். பிள்ளைகள் முதல்நன்மை வாங்கும் மாதத்தில் அந்த வீட்டில் இறைச்சி இருக்கும். மற்ற மாதங்களுக்கு இந்த வேலைதான்.

அவர் பயப்படவில்லை. பயப்பட வேண்டியது பயோடேட்டா எழுதத் தெரியாதவன். அவருடைய பிரிவில் இருந்த மற்ற மூவரும் அவரிடமே வந்தார்கள். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் பத்திரங்களோடு ஓடித்திரியும் றேமண்ட், தொலைபேசிப் பலகையில் இருக்கும் பிறிஜெற், பியூன் உலகப்பன். மூவருக்கும் இரண்டிரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தார். தேநீர் தட்டை மேசை மேசையாகக் கொண்டுபோகும் உலகப்பன், ‘உள்ளகப் போக்குவரத்து இணைப்பாளர்’ ஆனார். தனக்கு மூன்று பக்கம் அடித்தார். தொழில் கற்றுக்கொடுத்தவனுக்கு ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதுதானே முறை.

வெள்ளிக்கிழமை நேர்முகம். நால்வரையும் ஒன்றாக வரச் சொல்லியிருந்தார்கள். அதுவே ஒரு மாதிரித்தான் இருந்தது.

புதிய கொம்பனியின் ஆளணி மனேச்சர் மிசிஸ் பாக்கியலெட்சுமி, வெள்ளவத்தையிலிருந்து வருபவர். சாப்பாடு சுற்றிவந்த பேப்பரையும் விரித்து வாசித்துவிட்டே எறிகிறவர் என்று அவரைப்பற்றிச் சொல்வார்கள். நால்வரும் வரிசையாக இருந்தார்கள். அவர் முன்னால் நாலு பயோடேட்டா விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, உலகப்பனின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“மிஸ்டர் றேமண்ட். தொண்ணூத்தாறாம் ஆண்டு, தக்க தருணத்திலை தனியாளாய்த் தலையிட்டுப் பெருந்தொகை வெண்ணெய் அழிஞ்சுபோகாமல் காப்பாத்தினது நீங்கள்.”

“ஓம் மிசிஸ்.”

“மிஸ் பிறிஜெற். தக்க தருணத்திலை தனியாளாய்த் தலையிட்டது நீங்கள்.”

பிறிஜெற் தன் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

“மிஸ்டர் உலகப்பன், நீங்களும். மிஸ்டர் சூசைதாசன், நீங்களும்.” மிசிஸ் பாக்கியலெட்சுமி கண்ணாடியைக் கழற்றினார். “நாலு பேரும் தனித்தனியத் தனியாளாய் நிண்டு ஒரே பட்டரைக் காப்பாத்தியிருக்கிறியள்.”

நால்வரும் மேசையில் விரிந்திருந்த தாள்களை எட்டிப் பார்த்தார்கள்.

“பட்டர் கனக்க இருந்தது, மிசிஸ்,” என்றான் றேமண்ட்.

அவர் அதைக் குறித்துக்கொள்வதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். “அறுபத்தெட்டாம் ஆண்டு பங்குக் கிரிக்கெட் அணிக்கு மிஸ்டர் றேமண்டும் கப்டன். மிஸ்டர் சூசைதாசனும் கப்டன்.”

“அவர் துடுப்பாட்டத்துக்கு,” என்றார் ஹியூபேட். “நான் களத்தடுப்புக்கு.”

“உலகப்பன், நீங்கள் வேதக்காரரோ?”

“இல்லீங்கம்மா. நமக்குக் கதிரேசன் கோயிலுங்க.”

“அப்ப பங்குச் சாமியார் உங்களை இருவது வருசமா நல்லா அறிவார் எண்டு போட்டிருக்கு?”

“அறிவாருங்க. ரோட்டுல கண்டா சிரிப்பாரு.”

மிசிஸ் பாக்கியலெட்சுமி நாலு பயோடேட்டாவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஹியூபேட் சமாளித்திருப்பார்.

“திங்கக்கிழமை காலமை திருப்பி எழுதிக்கொண்டு வாங்கோ. நடந்ததுக்கு மேலை ஒரு சொல்லுக் கூட இருந்தாலும் அந்தக் கடதாசியும் நீங்களும் சேந்து வீட்டை போகலாம். நான் பகிடிக்குச் சொல்லேல்லை.” பிறகு ஹியூபேட்டைப் பார்த்தார். இந்த நாலும் யாருடைய கைவேலை என்பது அவருக்கு விளங்கியிருந்தது. “பட்டர் விசயத்தை நல்ல வடிவா எழுதியிருக்கிறியள். உண்மையா என்ன நடந்தது எண்டதையும் அதே மாதிரி வடிவா எழுதுங்கோ.”

படியிறங்கும்போது றேமண்ட்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“டேய் ஹியூபேட், நாலு பேருக்கும் ஒரே பட்டரைக் குடுத்தனியேடா. எனக்கு ஒரு சீஸைத் தந்திருக்கக் கூடாதே?”

“வேற வேற ஆக்கள் வாசிப்பினம் எண்டு நினைச்சனான்.”

“ஒரு ஒப்பீஸ், ஒரு பிரிவு, ஒரு மனிசி. வேற வேற ஆக்களாம்,” என்றாள் பிறிஜெற். “அண்ணே, எனக்கு வேலை போனா உங்கட வீட்டு வாசல்லதான் வந்து இருப்பன். சொல்லிப்போட்டன்.”

அன்று மத்தியானம் ஹியூபேட்டின் மேசைக்கு மட்டும் உலகப்பனின் தேநீர் வரவில்லை. உள்ளகப் போக்குவரத்தில் ஏதோ தடங்கல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மூவரும் ஹியூபேட் வீட்டுக்கு வந்தார்கள். உலகப்பன் பூசைக்குப் போகவில்லை என்றாலும் பூசை முடிகிற நேரத்துக்கு வந்துவிட்டார். முன்னறையில் தைத்து முடித்த சின்னச் சின்ன வெள்ளைச் சட்டைகள் தொங்கின. அவற்றுக்குக் கீழே மேசை. மேசையில் தட்டச்சு யந்திரம்.

தாங்களே தங்கள் உண்மையைச் சொல்வதென்றால் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே ஒருவர் மற்றவருடையதை வெட்டுவதென்று முடிவானது. இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்தது.

“மூண்டு மொழியும் சரளம்,” என்று றேமண்டின் பயோடேட்டாவைப் பிறிஜெற் வாசித்தாள். “இவனுக்குச் சிங்களத்திலை ஏசத்தானே தெரியும்.”

“சரளமாத்தானே ஏசுறன்?”

“கப்டன்?”

“அவன் பந்து பொறுக்கினவன்,” என்றார் ஹியூபேட்.

“நீ ஸ்கோர் எழுதினனி. அதையும் கூட்டித்தானே எழுதினனி.”

வெட்டினார்கள். பிறிஜெற்றின் ‘சர்வதேசத் தொடர்பாடல் அனுபவம்’ வெட்டப்பட்டது. அவளுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரே அழைப்பு பிழையான நம்பர். உலகப்பனின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டார்.

“தேத்தண்ணி குடுத்தேனுங்க. கடுதாசி கொண்டுட்டுப் போனேன். காலையில கதவத் தொறப்பேன், சாயந்தரம் பூட்டுவேன். வேற என்னாங்க எழுதறது?”

“வேறை ஒண்டும் எழுதத் தேவையில்லை, குந்துங்கோ,” என்றாள் பிறிஜெற்.

மிஞ்சியது வெண்ணெய்.

“சரி, உண்மையைச் சொல்லுவம்,” என்றான் றேமண்ட். “நான் முற்றத்திலை நிண்டு செபமாலை சொன்னனான். வேறை ஒரு சனியனும் செய்யேல்லை.”

“நான் மின்சாரசபைக்கு அடிச்சனான். லைன் எங்கேஜ். திருப்பித் திருப்பி அடிச்சனான். எங்கேஜ்தான்.”

“நான் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டாந்தேன்.”

“பிறகு?” என்றார் ஹியூபேட்.

“பிறகு என்ன, கரண்ட் வந்தது. தானாத்தான் வந்தது.”

ஹியூபேட் கதிரையில் நிமிர்ந்தார். இனி அவருடைய முறை. “சும்மா வரேல்லை மச்சான். அந்த ஜெனரேட்டர்காரனை நான் சட்டையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து…”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் மேலே தொங்கிய சட்டைகளைப் பார்த்தார்கள்.

டோரின் அப்போதுதான் தட்டில் கேக் கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

“எந்த நாள்? பட்டர் உருகின நாளோ?”

“ஓம்.”

“நாங்கள் அண்டைக்குத் தலவிலையிலெல்லோ நிண்டது? அன்னம்மாள் திருவிழாவுக்கு. நீங்கள் நாலு நாள் லீவு போட்டனீங்கள். வாடகை வானாலை வந்து இறங்க றேமண்ட்தானே ஓடிவந்து இந்தக் கதையைச் சொன்னவர்.”

ஹியூபேட்டின் கண்ணுக்குள் அந்த முற்றம் அப்படியே நின்றது. வெயில் நின்றது. கதவிடுக்கால் ஒழுகிய மஞ்சள் நெய் நின்றது. ஜெனரேட்டர்காரனின் சட்டை அவர் கைக்குள் இருந்தது; கோடு போட்ட சட்டை. அந்தச் சட்டையை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

“உனக்குத் தெரியுமோ?” என்று றேமண்டைக் கேட்டார்.

“தெரியும் மச்சான்.”

“ரெண்டு வருசமா ஏன்டா சொல்லேல்லை?”

றேமண்ட் ஒரு துண்டுக் கேக்கை எடுத்தான். “நீ சொல்லேக்கை நல்லாயிருந்தது. நான் அங்கைதான் நிண்டனான், எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியேல்லை.”

மூவருடைய பயோடேட்டாவையும் ஹியூபேட் அடித்து முடித்தார். நடந்ததை மட்டும் அடிப்பதற்கு நேரம் அதிகம் பிடிக்கவில்லை. கையொப்பம் வைத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். அவருடையது மட்டும் மிச்சம்.

புதுத் தாளைச் சுருட்டி ஏற்றினார். பெயரை அடித்தார். அதற்குக் கீழே ‘ஆற்றலும் அனுபவமும் மிக்க’ என்று அடித்தார். தாளைக் கழற்றினார். இன்னொரு தாளில் ‘கப்பல் துறையில் நீண்டகால’ என்று தொடங்கினார். அதையும் கழற்றினார். மற்றவனுடைய பலூனை ஊசி குத்தி இறக்குவது இலகு. தன்னுடையதில் எங்கே குத்துவதென்று பார்த்தால் குத்துமிடமெல்லாம் காற்றாக இருந்தது. முப்பது வருடத்தில் அவர் தயாரித்த பத்திரங்களில் ஒரு பிழையும் வந்ததில்லை என்று எழுதலாமா? வந்திருக்கிறது. ஒருமுறை தோல் சப்பாத்துப் பெட்டிகள் சிட்டகொங்குக்குப் போய்விட்டன. மேலதிகாரிகளின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்? எந்த மேலதிகாரியும் அவர் பெயரை நாலு வருடத்துக்குள் சரியாகச் சொன்னதில்லை. தாள்கள் கசங்கிக் காலடியில் விழுந்தன. இந்த வேலை போனால் ஐம்பத்தொரு வயது ஆளுக்கு எத்தனை பக்கம் எழுதினாலும் ஒன்றுதான் என்பது அவருக்கு மீண்டும் மீண்டும் ஞாபகம் வந்தது. ஞாபகம் வர வர விரல்கள் தாமாகவே ‘ஆற்றல் மிக்க’ என்ற எழுத்துகளின் பக்கம் போயின.

டோரின் ஒரு சட்டை விளிம்பில் வெள்ளை நூலால் ரேந்தைப் பின்னல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ. பொலிசுக்கு எழுதிறமாதிரி எழுதுங்கோவன்.”

“என்ன?”

“பொலிசுக்கு எழுதேக்கை நீங்கள் இவ்வளவு யோசிக்கிறதில்லையே. கேட்டதுக்கு மறுமொழி, அவ்வளவுதானே.”

ஹியூபேட் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு தாளை ஏற்றினார். எதிரில் ஒரு பொலிஸ் சார்ஜன் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். சார்ஜனுக்குத் துடுப்பாட்டம், களத்தடுப்பு ஒன்றும் தேவையில்லை. பெயர். அடையாள அட்டை இலக்கம். பிறந்த இடம். விலாசம், எப்போதிலிருந்து. தொழில். தொழில் என்ற இடத்தில் வழக்கமாக எழுதுகிற அந்த ஒரு சொல்லை விரல் தயங்காமல் அடித்தது. கோயில் மணி அடித்து பின்னேர ஆசீர்வாதத்துக்கு ஆட்கள் போகத் தொடங்குமுன் வேலை முடிந்துவிட்டது. அவரே நம்பாமல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். றேமண்ட் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். பிறிஜெற் கைப்பையை மூடிக்கொண்டு வந்தாள். உலகப்பன் வந்தவுடன் தேநீர் போடப் போனார். அதிலிருந்தே விடயம் விளங்கியது. கடைசியாக ஹியூபேட்.

மிசிஸ் பாக்கியலெட்சுமி வாசித்தார். வாசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு இடத்தில் நின்று சத்தமாக வாசித்தார்.

“வெண்ணெய் விடயம்: அன்று லீவில் தலவிலைத் திருவிழாவில் நின்றேன். மின்சாரம் தானாக வந்ததாக அறிந்தேன்.”

“ஓம் மிசிஸ்.”

“தோல் சப்பாத்து சிட்டகொங்குக்குப் போனதையும் போட்டிருக்கிறியள்.”

“போனதுதானே.”

“இதை ஆர் போடச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. எழுதத் தொடங்கினாப் பிறகு அதுவும் வந்திட்டுது.”

அவர் பேனையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். “கோட்டையிலை உங்களுக்கு இடமில்லை, மிஸ்டர் சூசைதாசன். டொக்கியூமென்ட் வேலைக்குக் கம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் வேணும். ஒருகொடவத்தை முற்றத்திலை, கேற்றுக்குப் பக்கத்திலை ஒரு மேசை இருக்கு. வாற கொன்ரெய்னர், போற கொன்ரெய்னர், பாத்து எழுதவேணும். தூசி. லொறிச் சத்தம். போவியளோ?”

“இருக்கிறதை மட்டுந்தானே எழுதவேணும்?”

“இருக்கிறதை மட்டுந்தான்.”

“போவன்.”

“உதவி மனேச்சர் எண்டு ஒண்டும் போட ஏலாது.”

“கிளாக் எண்டாலே காணும்.”

அவர் தாளின் மூலையில் ஏதோ எழுதிக் கையொப்பம் வைத்தார். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தால் தாளைத் தூக்கி அதன் கீழே தேடினார். கோவையின் உள்ளேயும் பார்த்தார்.

“மற்றப் பக்கம் எங்கை?”

“மற்றப் பக்கம் இல்லை, மிசிஸ்,” என்றார் ஹியூபேட். “அரைப் பக்கந்தான் வந்தது. அதிலையும் மூண்டு வரி விலாசம்.”